டப்ளின் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை, அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் வட கரோலினா பல்கலைக்கழக அணியும் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகின்றன. உங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் அமெரிக்கத் தமிழர் பலருக்கு இவை சொந்த ஊர் அணிகள். வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லைச் சுற்றித்தான் கேரி, மோரிஸ்வில், ராலே, டர்ஹம் எல்லாம் இருக்கின்றன. டெக்சாஸ் கிறிஸ்டியன் இருக்கும் ஃபோர்ட் வொர்த்துக்குக் கிழக்கே இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ. அங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு கிரிக்கெட்டைவிட இந்த ஆட்டம்தான் நெருக்கம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை "டப்ளினுக்குப் போகலாமா?" என்று கேட்டதும் பெற்றோர் முதலில் தேடுவது ஆட்ட டிக்கெட்டின் விலையை. தேட வேண்டியது அதையல்ல. இந்தப் பயணத்தைக் கடைசி நாளிலிருந்து, அதாவது அமெரிக்காவுக்குத் திரும்பி வரும் நாளிலிருந்து, பின்னோக்கித் திட்டமிட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வேறு வழி சரிவராது.

விவரம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்கக் கல்லூரி அணிகள் டப்ளினில் ஆடுவது புதிதல்ல. 1988 நவம்பரில் பாஸ்டன் காலேஜும் ராணுவக் கல்லூரி அணியும் பழைய லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் மோதின. 1996-இல் நோட்டர் டாமும் கடற்படைக் கல்லூரியும் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் ஆடின. 2012-இல் அதே இரு அணிகள் மறுபடி வந்தபோது அமெரிக்காவிலிருந்து பல்லாயிரம் பேர் கடல் கடந்து வந்தார்கள். 2022 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில், ஏர் லிங்கஸ் விமான நிறுவனத்தின் பெயரில், அவீவா மைதானத்தில் நடக்கிறது. கடந்த மூன்று ஆட்டங்களில் இரண்டு, 2024-இல் ஜார்ஜியா டெக் – ஃப்ளோரிடா ஸ்டேட், 2025-இல் அயோவா ஸ்டேட் – கன்சாஸ் ஸ்டேட், இரண்டுமே 24–21 என்று முடிந்தன. முதலாவது கடைசி நொடியில் உதைத்த பந்தில் தீர்ந்தது. இந்த ஆண்டு மோதும் இரு அணிகளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு: 2025 செப்டம்பர் 1-இல், பில் பெலிசிக் வட கரோலினாவின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்திலேயே, சேப்பல் ஹில்லில் டெக்சாஸ்காரர்கள் 48–14 என்று வென்று போனார்கள். ஆர்வம் ஏன் இவ்வளவு என்பதற்கு இது போதும்.

இனி பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன்.

எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வீட்டிலேயே பார்க்க வேண்டிய முதல் தேதி, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் அமெரிக்க விசாவின் காலாவதித் தேதி. நம்மிடையே "ஸ்டாம்பிங்" என்று சொல்வது இதைத்தான். வேலை நீட்டிப்புக்கு வந்த ஐ-797 ஒப்புதல் தாள் 2028 வரை இருக்கலாம். அது அமெரிக்காவுக்குள் தங்கி வேலை செய்ய மட்டுமே உதவும். நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்ப ஸ்டாம்பிங் உயிரோடு இருக்க வேண்டும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்வந்தால் காலாவதியான ஸ்டாம்பிங்கோடும் திரும்பலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பழகியவர்கள் அயர்லாந்துக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். பொருந்தாது.

"டப்ளினிலேயே அமெரிக்கத் தூதரகத்தில் ஸ்டாம்பிங் போட்டுக்கொண்டு வந்துவிடலாமே" என்று கேட்பவர்களுக்கு: 2025 செப்டம்பர் முதல் குடியேற்றம் அல்லாத விசாக்களுக்குச் சொந்த நாட்டிலோ, சட்டப்படி வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. நேர்காணல் இல்லாமல் பெட்டியில் போட்டுவிட்டு வரும் வசதியும் அதே மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குப் போய்விட்டது. 2025 டிசம்பரில் சமூக ஊடகச் சோதனை என்ற பெயரில் இந்தியாவில் நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே ஸ்டாம்பிங் திரும்பும் நாளுக்கு முன் முடிகிறது என்றால், இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே உத்தமம்.

கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்கள் தனி. செல்லத்தக்க எச் அல்லது எல் விசா இருந்தால் அதைக் கொண்டு போய்வரலாம். அது இல்லாமல், வெளியே போய்த் திரும்ப முன்கூட்டியே அனுமதி தரும் அட்வான்ஸ் பரோல் தாளும் கையில் இல்லாமல் வெளியே கால் வைத்தால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். மாணவர்கள் எஃப்-1 விசாவோடு, கல்லூரி கொடுத்த ஐ-20 தாளில் பயணக் கையெழுத்தையும் பார்க்க வேண்டும். படிக்கும்போது அது ஓராண்டுக்கும், படிப்பு முடிந்து ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சியில் இருக்கும்போது ஆறு மாதத்துக்கும் செல்லும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் டப்ளின் விமான நிலையத்தின் அமைப்பு. அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அங்கேயே, இரண்டாவது முனையத்திலேயே, விமானம் ஏறுமுன் நடக்கிறது. ஐரோப்பாவில் இந்த ஏற்பாடு டப்ளினிலும் ஷானனிலும் மட்டும்தான். தாள்கள் சரியாக இருந்தால் இது வரம்: ராலேயிலோ டாலஸிலோ இறங்கியதும் உள்நாட்டுப் பயணிபோல வெளியே நடந்துவிடலாம். சரியில்லை என்றால், அமெரிக்க மண்ணில் நின்று விளக்கம் சொல்லும் வாய்ப்புகூட இல்லை. டப்ளினிலேயே நின்றுவிடுவீர்கள். அடுத்த விமானம் சென்னைக்குத்தான்.

இரண்டாவது தாள், ஐரிஷ் விசா. அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியில் இல்லை. ஆகவே ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ உள்ளே விடுகிறதே என்று பார்த்து அயர்லாந்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டும். இதில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் கிரீன் கார்டுக்காரர்கள்தான். இருபது ஆண்டு அமெரிக்காவில் இருந்த பழக்கத்தில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதே மறந்துபோகிறது. ஒரே வீட்டில் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கு விசா வேண்டாம், அப்பா அம்மாவுக்கு வேண்டும் என்ற நிலை சாதாரணம். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு பொறி இருக்கிறது: 16 வயதுக்குள் எடுத்த அமெரிக்கப் பாஸ்போர்ட் ஐந்தே ஆண்டுதான் செல்லும். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்ததை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. புதுப்பிக்கத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும்.

விசா விண்ணப்பம் இணையத்தில் தொடங்கும். படிவத்தை நிரப்பியதும் வரும் சுருக்கத் தாளை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, 30 நாளுக்குள் ஆவணங்களோடு அனுப்பவேண்டும். ஒருமுறை நுழைவுக்கு 60 யூரோ, பலமுறை நுழைவுக்கு 100 யூரோ. ஆறு மாத வங்கி அறிக்கை, வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதம், சம்பளச் சீட்டுகள், தங்குமிட முன்பதிவு, பயணக் காப்பீடு, அமெரிக்காவில் உங்கள் குடிவரவு நிலைக்குச் சான்று, எதற்குப் போகிறீர்கள் என்று நீங்களே எழுதிய கடிதம், இவையெல்லாம் வேண்டும். பாஸ்போர்ட், திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்கட்டும்.

விண்ணப்பம் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, வங்கிக் கணக்கில் திடீரென்று வந்து விழுந்த பெரிய தொகை. பயணத்துக்காகக் காட்டக் கடன் வாங்கிப் போட்டது என்று சந்தேகப்படுவார்கள். பங்கு விற்றதோ, ஊரில் மனை விற்றதோ, போனஸோ, எதுவானாலும் ஒரு வரி விளக்கமும் சான்றும் வையுங்கள். இரண்டு, முன்பு எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டிருந்தால் அதைச் சொல்லாமல் விடுவது. மறுக்கப்பட்டிருந்தது குற்றமல்ல, மறைத்தால் அதற்காகவே மறுப்பார்கள். கடிதத்தில் "சுற்றுலா" என்று மொட்டையாக எழுதாமல், ஆட்டத்தின் பெயர், தேதி, மைதானம், அதன் பின் எத்தனை நாள் எங்கே, எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதுவது நல்லது. தேதி குறித்த ஒரு நிகழ்ச்சிக்காகப் போய்த் திரும்புகிறவர் என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி.

இப்போது நாட்காட்டி. இதுதான் நம் குடும்பங்களுக்குக் கழுத்தைப் பிடிக்கும் இடம். பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் ஐரிஷ் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகஸ்ட் 26 புதன்கிழமை இரவு கிளம்புவதாக வைத்துக்கொண்டால், மே 26-தான் முதல் நாள். முடிவு வர எட்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். ஜூலை கடைசி ஆகிவிடும். அதாவது ஜூனும் ஜூலையும் உங்கள் பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் இருக்கும். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போவது எப்போது? அதே ஜூன், ஜூலையில்தான். இரண்டும் ஒரே கோடையில் நடக்காது என்பதை ஜனவரியிலேயே ஒப்புக்கொண்டால் சண்டை மிச்சம். கோயில் திருவிழாவோ அக்கா மகள் திருமணமோ ஜூலையில் இருந்தால், டப்ளினை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்; ஆட்டம் ஆண்டுதோறும் வருகிறது, அக்கா மகள் திருமணம் வராது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். இது இன்னும் சிக்கல். ஐரிஷ் விசாவுக்கும் சொந்த நாட்டிலோ சட்டப்படி வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிப்பதுதான் முறை. பி-2 என்ற வருகையாளர் விசாவில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர் அமெரிக்காவில் வசிப்பவர் ஆகமாட்டார். இந்தியாவிலேயே வாங்கிக்கொண்டு வரச்சொன்னால், மூன்று மாத விதி குறுக்கே நிற்கிறது: ஏப்ரலில் விமானம் ஏறுகிறவர் ஆகஸ்ட் பயணத்துக்கு விண்ணப்பிக்க வழியில்லை. பெரியவர்களை மார்ச், ஏப்ரலில் வரவழைக்கும் வழக்கத்தை மாற்றி, ஜூலை கடைசியில் வரவழைத்தால்தான் இது நடக்கும். அப்போதும் டப்ளினிலிருந்து அவர்கள் அமெரிக்காவுக்குத் திரும்பினால் புதிதாக அனுமதி கேட்பதாகவே கொள்ளப்படும். ஒரு மாதம் இருந்துவிட்டு வெளியே போய் உடனே மறுபடி வருகிற பெரியவரிடம் அதிகாரி கேள்வி கேட்பார். இதைவிட, டப்ளினை அவர்கள் பயணத்தின் கடைசி நிறுத்தமாக வைத்து அங்கிருந்தே துபாய் வழியாகவோ அபுதாபி வழியாகவோ சென்னைக்கு ஏற்றிவிடுவது நல்லது. டப்ளினிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது.

விமானம். ராலே–டர்ஹமிலிருந்து டப்ளினுக்கு 2026 ஏப்ரல் முதல் ஏர் லிங்கஸின் நேரடிச் சேவை. டாலஸ்–ஃபோர்ட் வொர்த்திலிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கோடைக்கால நேர்விமானம் உண்டு. எந்தக் கிழமைகளில் பறக்கிறது என்று பார்த்துத்தான் விடுப்பைக் கணக்கிட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் லண்டன் வழியாகப் போவதைத் தவிர்க்கச் சொல்வேன். டிக்கெட் மலிவாக இருக்கும், ஆனால் ஹீத்ரோவில் மாறி அயர்லாந்துக்குப் போவதற்கு பிரிட்டன் குடிவரவைக் கடக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனி விசா கேள்வி எழும். இது வேறு எந்த நாட்டுக்கு மாறுவதைப்போலவும் அல்ல.

விசா கிடைக்கும் முன் பயணச்சீட்டு வாங்காதீர்கள் என்று ஐரிஷ் விசா அலுவலகமே சொல்கிறது. ஜூலை கடைசி வரை காத்தால் நேர்விமானத்தில் இடம் இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரே வழி, பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் எடுப்பது, அல்லது ரத்து செய்தால் திரும்பி வரும் மைலேஜ் புள்ளிகளைப் பயன்படுத்துவது. மிகக் குறைந்த கட்டணச் சீட்டு வேண்டவே வேண்டாம். தங்குமிடத்துக்கும் அதே விதி: ரத்து செய்யக்கூடிய அறையை இன்றே போட்டுவையுங்கள். இரு அணிகளின் ரசிகர்களும் ஒரே வாரயிறுதியில் ஊரில் இறங்குவதால் டப்ளின் அறை வாடகை எகிறும். குரோக் பார்க்கில் அதே வாரம் கச்சேரி எதுவும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நான்கு பேர் படுக்கும் அறை அங்கே அரிது. அமெரிக்காபோல இரண்டு பெரிய கட்டில் போட்ட அறை வழக்கமில்லை.

நகர மையத்தையே பிடித்துத் தொங்காமல், டார்ட் எனப்படும் கடற்கரை மின்சார ரயில் பாதையில் தேடுங்கள். டன் லீரி, பிரே, ஹௌத், மாலஹைட் எல்லாம் அந்தப் பாதையில் வரும் ஊர்கள். அவீவா மைதானத்தின் கீழேயே லான்ஸ்டவுன் ரோடு நிலையம் இருப்பதால், ரயிலில் உட்கார்ந்தால் மைதான வாசலில் இறங்கலாம். கோடையில் டிரினிட்டி கல்லூரியும் மற்றப் பல்கலைக்கழகங்களும் மாணவர் அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும். சமையலறையோடு கிடைப்பதும் உண்டு. சைவக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

பள்ளி விடுமுறையை மறந்துவிடாதீர்கள். இந்த ஆட்டம் தொழிலாளர் தின நீண்ட வாரயிறுதியில் வருவதில்லை. இந்த ஆண்டு அது செப்டம்பர் 7, ஆட்டமோ அதற்கு முந்தைய வாரம். டெக்சாஸிலும் வட கரோலினாவிலும் பள்ளிகள் அதற்குள் திறந்திருக்கும். பள்ளி தொடங்கிய முதல் வாரத்தில் மூன்று நாள் வராமல் இருப்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஆட்ட டிக்கெட். நல்ல செய்தி என்னவென்றால், டிக்கெட்டுக்கு அவசரப்படத் தேவை அமெரிக்காவில் இருக்கும் அளவுக்கு டப்ளினில் இல்லை. அயர்லாந்தில் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட பெரிய அரங்குகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வது குற்றம். ஆகவே உங்களுக்கு விசா கிடைக்காமல் போனால் வாங்கிய விலைக்கு விற்றுவிடலாம். கடைசி நேரத்தில் வாங்குபவருக்கும் அதுவே பாதுகாப்பு. அந்தச் சட்டம் அயர்லாந்தில் செல்லும், அமெரிக்க மறுவிற்பனைத் தளங்களில் கேட்கும் விலைக்கு அல்ல. அந்தத் தளங்களில் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பயணம், அறை, டிக்கெட் எல்லாம் சேர்த்து விற்கும் தொகுப்புகள் வசதியானவைதான். ஆனால் முன்பணம் திரும்பாது என்று நிபந்தனை போட்டிருந்தால் விசா நிச்சயமில்லாத குடும்பத்துக்கு அது சூதாட்டம். அமெரிக்கப் பாஸ்போர்ட் குடும்பங்கள் மட்டும் யோசிக்கலாம்.

இருக்கை எங்கே? கிரிக்கெட்டிலும் கால்பந்திலும் கீழ் வரிசைக்கு மதிப்பு அதிகம். அமெரிக்கன் ஃபுட்பாலில் அது வீண் செலவு. இருபக்கக் கோட்டோரமும் ஒவ்வோர் அணியிலும் வீரர்கள், பயிற்சியாளர்கள், மருத்துவர்கள் என்று பெருங்கூட்டம் நின்றுகொண்டே இருக்கும். முதல் வரிசைகளில் அமர்ந்தவர் அவர்கள் முதுகைத்தான் பார்ப்பார். மேலும், இருபத்திரண்டு பேரும் எப்படி அணிவகுக்கிறார்கள் என்று உயரத்திலிருந்து பார்த்தால்தான் ஆட்டம் புரியும். மேல் தளத்தின் முன்வரிசை, நடுக்கோட்டுக்கு அருகில் என்றால் தயங்காமல் எடுங்கள். அவீவாவின் கொள்ளளவு 51,700. வடக்குப் பக்கம் மட்டும், பின்னால் இருக்கும் வீடுகளின் வெளிச்சத்தை மறைக்கக்கூடாது என்பதால், மிகத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார்கள். அந்த முனையில் உயரமான இருக்கை கிடைக்காது.

வியாழன் காலை டப்ளினில் இறங்குவதுபோல வாருங்கள். வெள்ளி காலை இறங்கினாலும் சமாளிக்கலாம், ஆனால் ஒரு விமானம் ரத்தானால் ஆட்டம் போச்சு. கடந்த இரண்டு ஆண்டும் ஆட்டம் டப்ளின் நேரப்படி மாலை 5 மணிக்குத் தொடங்கியது. ராலேயில் அப்போது நண்பகல், டாலஸில் காலை 11. ஆட்டத்தின்போது உடம்பு விழித்தே இருக்கும். தூக்கக் கலக்கம் படுத்துவது காலையில்தான், அதனால் காலை ஏழு மணிச் சுற்றுலாக்களைப் பதிவு செய்யாதீர்கள். மூன்றரை மணி நேரம் ஆட்டம் நீளும். ஆகஸ்ட் கடைசியில் மாலை எட்டரைக்குத்தான் இருட்டும், வெயில் இருந்தாலும் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும், மழை எந்த நேரமும் வரும். குடையைவிட மழைக்கோட்டு நல்லது. பை ஏ4 தாளை விடப் பெரிதாக இருந்தால் வாசலில் நிறுத்துவார்கள்.

அமெரிக்கப் பழக்கத்தில் கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி விருந்து போடலாம் என்று நினைக்க வேண்டாம். மைதானத்தைச் சுற்றி வீடுகள்தான். ரசிகர் கூட்டம் சேர்வது நகர மையத்தில், காலேஜ் கிரீன், டெம்பிள் பார் பக்கம். அங்கிருந்து மைதானத்துக்கு அரைமணி நடை. கூட்டத்தோடு நடப்பதே பாதி வேடிக்கை. பொது இடத்தில் மது அருந்த டப்ளினில் தடை உண்டு. கல்லூரிப் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க: அங்கே மது அருந்தும் வயது 21 அல்ல, 18. வட கரோலினாவின் இளநீலச் சட்டை போட்டுப் போனால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். டப்ளின் மாவட்ட கேலிக் கால்பந்து அணியின் நிறமும் இளநீலம்தான்.

டிக்கெட் கைப்பேசியில்தான் வரும். அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கைப்பேசியில் இறக்கி வைத்துவிடுங்கள், மைதான வாசலில் ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் இணையம் தேடுவார்கள். 2022-இல் மைதானத்தின் இணையத் தொடர்பே விழுந்து, வங்கி அட்டையில் பணம் வாங்க வழியில்லாமல் பீரையும் தின்பண்டத்தையும் இலவசமாகக் கொடுத்தார்கள். இந்த ஆண்டும் அப்படி நடக்கும் என்று பட்டினியாகப் போகவேண்டாம்.

ஊருக்குள் சுற்ற லீப் விசிட்டர் கார்டு போதும். பேருந்து, லூவாஸ் டிராம், டார்ட் மூன்றுக்கும் செல்லும். கார்டு இல்லாமல் டப்ளின் பேருந்தில் ஏறினால் சரியான சில்லறை வேண்டும். நோட்டு வாங்கமாட்டார்கள், வங்கி அட்டையும் தேய்க்க முடியாது. ஆட்டம் பார்க்க மட்டும் போகிறவர்களுக்குக் கார் வேண்டாம். மேற்குக் கடற்கரைக்குப் போகும் திட்டம் இருந்தால், ஆட்டம் முடிந்த மறுநாள் எடுங்கள். அமெரிக்கக் கடன் அட்டைகள் தரும் வாடகைக் கார் காப்பீட்டில் அயர்லாந்தை விலக்கி வைத்திருப்பது சகஜம். அட்டை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். டப்ளினைச் சுற்றிப் போகும் எம்50 சாலையில் சுங்கச்சாவடி இல்லை, கேமரா மட்டும். மறுநாள் இரவு 8 மணிக்குள் பணம் கட்டாவிட்டால் அபராதம்.

சுற்றுலாப் பேருந்துகள் பலவும் டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்கும் ஜயன்ட்ஸ் காஸ்வேக்கும் ஒருநாள் பயணம் கூட்டிப்போகும். வழியில் எல்லைச் சாவடி எதுவும் கண்ணில் படாது. ஆனால் அது வட அயர்லாந்து, பிரிட்டனின் பகுதி. ஐரிஷ் விசா அங்கே செல்லாது. விதிவிலக்கு, இந்தியாவிலிருந்து விண்ணப்பித்து பி.ஐ.வி.எஸ். (பிரிட்டன்–அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்ற குறிப்போடு வாங்கிய விசா மட்டும். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வருவதும் இரண்டாவது நுழைவாகிவிடும். யாரும் கேட்கமாட்டார்கள் என்று பேருந்தில் ஏறுபவர்கள் உண்டு. அமெரிக்க விசா வரலாற்றைக் கையில் வைத்திருப்பவர் செய்யும் காரியமல்ல. அமெரிக்கக் குடிமக்களுக்கும் 2025 ஜனவரி முதல் அங்கே போக பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். கூட்டமாகப் போகும்போது பிள்ளைகளுக்கு அதை யாரும் எடுப்பதில்லை.

திரும்பும் நாளை ஞாயிறு என்று வைக்காமல் திங்களோ செவ்வாயோ என்று வையுங்கள். ஞாயிறன்று ஆட்டத்துக்கு வந்தவர்கள் பாதிப்பேர் இரண்டாவது முனையத்தில்தான் நிற்பார்கள். குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஐரிஷ் பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகு அமெரிக்கச் சோதனை என்று இரண்டு வரிசை. ஐ-797 மூலத் தாள், சமீபத்திய சம்பளச் சீட்டு, ஐ-20 இவை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

வீடு வந்து சேர்ந்ததும் ஒரு வேலை. டப்ளினில் அதிகாரி அனுமதித்தபோது எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் புதிய ஐ-94 உங்களுக்குப் பதிவாகியிருக்கும். பாஸ்போர்ட் எச்-1பி ஒப்புதலுக்கு முன்பே முடிகிறது என்றால், ஐ-94 தேதியைப் பாஸ்போர்ட் முடியும் நாளோடு வெட்டிவிடுவார்கள். 2028 வரை தங்கலாம் என்று ஐ-797 சொல்லும், 2027 பிப்ரவரியோடு சரி என்று ஐ-94 சொல்லும். செல்லுபடியாவது கடைசியாகக் கொடுத்த ஐ-94. எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தேதி குறைந்திருந்தால் அந்த வாரமே நிறுவனத்தின் குடிவரவு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேரி, வட கரோலினா